நூறு அட்டையும் நாலு பேரும்

சீட்டாட்டம் என்றால் நம் ஊர்ப்பக்கம் பெரியவர்களுக்கு இரண்டு வகைதான் தெரியும். காசு வைத்து ஆடும் ரம்மியும் மங்காத்தாவும் ஒரு வகை. அது குடும்பத்தைக் கெடுக்கும். திண்ணையில் காசில்லாமல் ஆடும் முந்நூற்றி நாலு இன்னொரு வகை. அது பொழுதைக் கெடுக்கும். நான் இரண்டாவது கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் பெங்களூரிலிருந்து மே மாத லீவுக்கு உடையார்பாளையம் வரும்போது, துணிப்பையை மேலே போட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டு வருகிற அட்டைக் கட்டுகள். மேஜிக் த கேதரிங் என்று பெயர். பெரியவனுக்கு வயது 16, பேத்திக்கு 14, சின்னவனுக்கு 11. மூன்று பேராகவும் ஆடலாம், ஆனால் நாலு பேர் இருந்தால்தான் சுவை என்று என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எழுத்து பொடியாக இருக்கிறது, பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. மற்றபடி இது முட்டாள்தனமான விளையாட்டு இல்லை. நம் வயதுக்காரர்கள் பலர் பேரப்பிள்ளைகள் கையில் இந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு "என்ன சூதாட்டம் இது?" என்று என்னிடம் கேட்பதால், நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர். 1993ல் வெளிவந்தது. நமது 52 சீட்டுக் கட்டு மாதிரி எல்லோருக்கும் பொதுவான கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான அட்டைகள் அச்சாகி விற்பனையாகின்றன. அவரவர் வாங்கி, நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, தனக்கென்று ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு வர வேண்டும். பழைய ஆட்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளலாம். நாம் சிகரெட் பெட்டி அட்டை சேர்த்தோமே, அதேதான். சார்மினாருக்கு மதிப்பில்லை, தெருவெல்லாம் கிடக்கும். எப்போதோ ஒருமுறை வெளியூர்க்காரர் யாராவது வீசிவிட்டுப் போகும் பெட்டிக்கு ஐம்பது சார்மினார் கேட்பான். அட்டையின் தரத்தில் வித்தியாசமில்லை, கிடைப்பது அரிது என்பதுதான் விலை.

முந்நூற்றி நாலில் கையில் விழுந்ததை வைத்து ஆட வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்போதும் கூட்டாளி. இதில் கட்டு நாமே கட்டுவது, கூட்டாளி என்று யாரும் கிடையாது. இந்த இரண்டு வித்தியாசத்தில்தான் ஆட்டம் முழுக்க இருக்கிறது.

பிள்ளைகள் ஆடுவது அதில் கமாண்டர் என்ற வகை. ஒரு தளபதி அட்டை, அதன்கீழ் 99 அட்டை, ஆக நூறு. சாதாரண நில அட்டைகளைத் தவிர எந்த அட்டையும் ஒன்றுக்குமேல் இருக்கக்கூடாது. தளபதி எந்த நிறமோ அந்த நிற அட்டைகளைத்தான் சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் 40 உயிர். முதலில் ஏழு அட்டை கையில். பிறகு சுற்றுக்கு ஒரு அட்டை எடுத்து, ஒரு நிலத்தை இறக்கி, அந்த நிலங்கள் தரும் சக்தியைச் செலவழித்து வீரர்களை, மிருகங்களை, மந்திரங்களை இறக்க வேண்டும். இறக்கிய ஆட்களை வைத்து எதிரில் இருக்கும் மூவரில் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். கடைசியில் உயிரோடு இருப்பவர் ஜெயித்தவர். இந்த வகையை முதலில் உண்டாக்கியது கம்பெனி இல்லை, ஆடுகிறவர்களே. பிறகு 2011லிருந்து கம்பெனி இதற்கென்றே கட்டுகள் போட ஆரம்பித்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் கட்டு முழுக்க டிராகன். ஒவ்வொன்றும் பெரியது, பறக்கும், அடித்தால் ஐந்தாறு உயிர் போகும். அவனுடைய அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது, அதற்குமேல் இவன் சேர்த்தது. மேசையிலேயே பலமான அட்டைகள் அவனிடம்தான். ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தான். நான் பழைய டைரி ஒன்றில் கணக்கு வைத்தேன். முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தான். ஆறில் முதல் ஆளாக வெளியே போனான்.

முதல் ஆளாக வெளியே போவது என்றால் என்னவென்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடும். அரை மணியில் செத்தவன் மீதி ஒரு மணி நேரம் மற்றவர்கள் சிரித்துப் பேசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். நாலாவது நாள் "நான் வரலை, நீங்களே ஆடுங்க" என்றான். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு ஒரு அட்டை கேட்டான். ஒரே ஒரு டிராகன். விலை எட்டாயிரத்துச் சொச்சம். இவனுடைய அப்பாவும் "ஆர்டர் போட்டுடறேன், அழாதே" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பணம் என்னுடையதில்லை. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை, காசு போட்டால் தோல்வி நின்றுவிடும் என்று நம்பத் தொடங்கும் இடம் அது. இணைய ரம்மியில் இதே நம்பிக்கையோடு உட்கார்ந்த பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். "ஒரு பத்து நாள் பொறு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சின்னவனிடம் ஒரு யோசனை சொன்னேன். "கண்ணு, அந்த அட்டையை வாங்கறதுக்கு முன்னாடி ஆடிப் பார்த்துடலாம்." தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் அந்த டிராகனின் பெயர், பலம், விலைச்சக்தி எல்லாம் எழுதச் சொல்லி, வேறொரு அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் சொருகிவிட்டோம். வீட்டு ஆட்டத்தில் இது தப்பில்லை, மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆறு ஆட்டம் ஆடினோம். அந்த டிராகன் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் கைக்கு வந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பத்துச் சுற்று ஓடினால் ஒருவர் பார்ப்பது 7ம் 10ம் சேர்த்து 17 அட்டை. 99ல் 17 என்றால் ஆறு ஆட்டத்துக்கு ஒருமுறை. வந்த அந்த ஒரு ஆட்டத்திலும் அதை அவன் மேசையில் வைத்ததும் பெரியவன் பேத்தியைப் பார்த்தான், பேத்தி என்னைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சுற்றில் மூன்று பேரும் அவனையே அடித்தோம். அடிக்காமல் விட்டால் நாங்கள் காலி. அன்றும் அவன்தான் முதலில் வெளியே போனான்.

இதுதான் நாலு பேர் ஆட்டத்தின் சூட்சுமம். இரண்டு பேர் மோதினால் பலமான கட்டு பெரும்பாலும் ஜெயிக்கும். நாலு பேரில், பலமாகத் தெரிகிற கட்டு மற்ற மூன்று பேரைக் கூட்டாளிகளாக்கிவிடும். நம் ஊர்ப் பாளையக்காரர்களுக்குத் தெரியாததா இது? தஞ்சை மராத்தியர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்த காலத்தில், நடுவில் சின்னக் கோட்டையை வைத்துக்கொண்டு யார் கண்ணில் எப்போது படுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் இருந்திருக்க வேண்டும்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. இரண்டு பேர் ஆடும் பழைய ஆட்டத்தில் எதிராளிக்கு 20 உயிர். சீக்கிரம் அடித்து முடிக்கலாம். கமாண்டரில் மூன்று பேருக்கும் சேர்த்து 120 உயிரைக் குறைக்க வேண்டும். ஓட்டப்பந்தயக்காரனை மாட்டு வண்டியோடு ராத்திரி முழுக்க நடக்கச் சொன்ன மாதிரி, வேகமாக அடிக்கும் கட்டுக்கு நடுவில் மூச்சு முட்டிவிடும். இன்னொன்று, ஒரு அட்டையைச் செலவழித்து எதிரியின் ஒரு அட்டையை அழித்தால் இரண்டு பேர் ஆட்டத்தில் சரிக்குச் சரி. நாலு பேரில் அழித்தவனுக்கும் ஒன்று போயிற்று, இழந்தவனுக்கும் ஒன்று போயிற்று, சும்மா வேடிக்கை பார்த்த இரண்டு பேருக்கு லாபம். இதைப் பெரியவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பான். அதனால் எனக்கு வந்த லாபத்தை நான் அவனிடம் சொல்லவில்லை.

அப்படியானால் எப்படிப்பட்ட அட்டை வேண்டும்? "எதிரிகள் ஒவ்வொருவரும்" என்று எழுதியிருக்கும் அட்டை. எதிரிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர் குறையும் என்றால் இரண்டு பேரில் அது ஒன்று, நாலு பேரில் மூன்று. அதேபோல் மேசையை மொத்தமாகத் துடைக்கும் அட்டை. ராத் ஆஃப் காட் என்று முதல் வருஷத்திலிருந்தே ஒன்று இருக்கிறது. மேசையில் நிற்கும் உயிருள்ளவை எல்லாம் சாகும், நம்முடையது உட்பட. ஆகவே நல்ல டிராகன்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லாவற்றையும் இறக்கிய பிறகு துடைத்துவிட்டு, பிறகு நம்மதை இறக்க வேண்டும். முந்நூற்றி நாலில் துருப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தோணி அலோங்கி என்று ஒரு அமெரிக்க எழுத்தாளர், பலர் சேர்ந்து ஆடும் மேஜிக் பற்றியே தொடர்ந்து எழுதியவர். பேத்தி அவரைப் பற்றிச் சொன்னாள். அட்டைகளை அவர் மிருகங்களாகப் பிரித்திருக்கிறார். மேசையில் இறங்கி ஓங்கி அடிப்பது கொரில்லா. கையில் மறைந்திருந்து வலை விரிப்பது சிலந்தி. மேசையிலேயே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து "என் பக்கம் வராதே, வேறு வீடு பார்" என்று எச்சரிப்பது, வாலை ஆட்டிச் சத்தம் போடுகிற அவர்கள் ஊர்ப் பாம்பு. எனக்கு உடனே ராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்ன பாம்புக் கதை ஞாபகம் வந்தது. கடிக்காதே என்றுதானே சொன்னேன், சீறாதே என்றா சொன்னேன் என்று சாது கேட்பாரே, அது. பிள்ளைகளுக்கும் சொன்னேன். சின்னவனுக்குப் பிடித்துவிட்டது. அவன் கட்டில் இருந்ததெல்லாம் கொரில்லா, சீறுகிற அட்டை ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து கட்டைப் பிரித்துக் கட்டினோம். மின்விசிறியைப் போட்டால் அட்டை பறக்கிறது, நிறுத்தினால் வேர்க்கிறது. கூடத்துத் தரையில் நூறு அட்டையையும் பரப்பி, சமையலறையிலிருந்து கரண்டிகளை எடுத்துவந்து பாரம் வைத்தோம். என் மனைவியின் அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

முதலில் நிலத்தை எண்ணினேன். முப்பதுதான் இருந்தது. டிராகன் சேர்க்கச் சேர்க்க இடத்துக்காக நிலத்தை எடுத்திருக்கிறான். நாலாவது சுற்றில் ஒருவன் பார்த்திருப்பது 11 அட்டை. 99ல் 30 நிலம் என்றால் அந்தப் பதினொன்றில் சராசரியாக மூன்று சொச்சம். 37 வைத்தால் நாலு சொச்சம். அந்த ஒரு நிலத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. ஆறு சக்தி கேட்கும் டிராகனைக் கையில் நாலைந்து வைத்துக்கொண்டு, மூன்று நிலத்தோடு விழித்துக்கொண்டிருப்பதை அவனே எத்தனையோ முறை அனுபவித்திருக்கிறான். "விதை மூட்டை மூட்டையா இருக்கு, காடு அரைக் காணி" என்றேன். முந்திரிக் காட்டுக்காரர் வீட்டுப் பேரன், புரிந்துகொண்டான். ஏழு டிராகனை எடுத்துவிட்டு ஏழு நிலம் வைத்தோம். அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு அதிகப்படி அட்டை எடுக்க உதவுபவை பத்து, சக்தியை வேகமாகச் சேர்ப்பவை பத்து என்று ஆக்கினோம். இந்தப் பத்துப் பத்துக் கணக்கு பிள்ளைகளே சொன்னது, ஆடுகிறவர்கள் மத்தியில் பொதுவாக இருக்கிற கணக்காம். ராத் ஆஃப் காட் மாதிரி துடைப்பவை மூன்று. பிறகு சீறும் பாம்பு. கோஸ்ட்லி பிரிசன் என்று ஒரு வெள்ளை அட்டை, அவன் தளபதிக்கு வெள்ளை செல்லும். அதை இறக்கி வைத்தால், நம்மை அடிக்க வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் எதிரி இரண்டு சக்தி கட்ட வேண்டும். சுங்கச்சாவடி மாதிரி. கட்டவே முடியாது என்றில்லை, ஆனால் பக்கத்தில் சுங்கமில்லாத ரோடு இருக்கும்போது யார் இந்த வழியே வருவார்கள்? பேத்தியிடம் ஒன்று உபரியாக இருந்தது. அதற்கு அவள் இரண்டு டிராகன் கேட்டாள், இவன் ஒன்றுதான் தருவேன் என்றான், கடைசியில் ஒரு டிராகனும் இரண்டு நாள் மாடியில் துணி எடுக்கும் வேலையும் என்று முடிந்தது.

மூடிய பாக்கெட் வாங்குவதையும் நிறுத்தச் சொன்னேன். உள்ளே என்ன அட்டை என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்குவது, நாம் பெட்டிக்கடையில் தொங்கும் அட்டையில் சீட்டுக் கிழித்துப் பலூனுக்கு ஏங்கினோமே, அந்தச் சாதி. தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரியை மூடியாயிற்று. இது பொம்மைக்கடை வழியாகத் திரும்பி வருகிறது. வேண்டிய அட்டை இன்னதென்று தெரிந்தால் அதை மட்டும் தனியாக வாங்கலாம், பல சமயம் பாக்கெட்டைவிட மலிவு.

விலை உயர்ந்த அட்டை என்றால் நிலையான சொத்து என்ற எண்ணமும் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஒரே ஒரு பிரதி அச்சிட்ட மோதிர அட்டை ஒன்றை போஸ்ட் மலோன் என்ற பாடகர் 2023ல் 20 லட்சம் டாலருக்கு வாங்கிய கதையைப் பெரியவன் சொன்னான். அது ஒரு பக்கம். 2024 செப்டம்பரில் நடந்ததையும் அவன்தான் சொன்னான். மானா கிரிப்ட், ஜ்வெல்டு லோட்டஸ் உட்பட நாலு அட்டைகளைக் கமாண்டர் ஆட்டத்தில் இனிச் சேர்க்கக்கூடாது என்று விதிக்குழு அறிவித்தது. ஆட்டத்தை மிகவும் வேகமாக்கி, ஒருவர் மட்டும் சீக்கிரம் எகிறிவிடுகிறார் என்பது அவர்கள் வாதம். மானா கிரிப்ட் நூறு டாலருக்குமேல் விற்றுக்கொண்டிருந்த அட்டை. ஒரே நாளில் விலை சரிந்தது. விதிக்குழுவில் இருந்தவர்களுக்கு மிரட்டல்கூட வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் அவர்கள் பொறுப்பைக் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டார்கள். பொழுதுபோக்கு அட்டைக்கு மிரட்டல்! இதைக் கேட்டபோதுதான் மகனுக்குப் போன் போட்டு, பத்து நாளை ஒரு மாதமாக நீட்டினேன்.

புதுக் கட்டோடு பன்னிரண்டு ஆட்டம் ஆடினோம். டைரிக் கணக்கு இது: சின்னவன் நாலு, பேத்தி நாலு, பெரியவன் மூன்று, நான் ஒன்று. முதல் ஆளாகச் சின்னவன் வெளியே போனது இரண்டு முறைதான். பன்னிரண்டில் நாலுதானா என்று அவனுக்கு முதலில் வருத்தம். நாலு பேர் ஆடும்போது சரிபங்கு நாலில் ஒன்று என்று விளக்கினேன். பன்னிரண்டுக்கு மூன்று வந்தால் சமம், நாலு வந்தால் நல்ல கட்டு. உலகத்திலேயே சிறந்த கட்டானாலும் நாலு பேர் மேசையில் பாதிக்குமேல் தோற்கத்தான் செய்யும். இதைச் சொன்ன பிறகு அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க வேண்டும் என்று யாரோ அவனுக்குக் கட்டளை போட்டிருந்த மாதிரியும், அது ரத்தான மாதிரியும்.

பேத்தி எப்படி நாலு ஜெயித்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். அவள் கட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆனால் "இந்தச் சுற்று நான் உன்னை அடிக்க மாட்டேன், நீ அண்ணனோட அந்தப் பூதத்தை மட்டும் எடுத்துடு" என்று பேரம் பேசுவாள். பேசினால் வார்த்தை மாற மாட்டாள், எழுத்துக்கு எழுத்து நிற்பாள். பெரியவன் ஒருமுறை என்னிடம் அப்படி ஒப்பந்தம் பேசிவிட்டு, அடுத்த சுற்றிலேயே என்னை முடித்து அந்த ஆட்டத்தை ஜெயித்தான். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் யாரும் நம்பவில்லை. அதே நாலு பேர்தானே மறுநாளும் உட்காரப்போகிறோம்! பன்னிரண்டில் அந்த ஒரு வெற்றி அவனுக்கு எத்தனை ஆட்டத்தைக் கெடுத்தது என்று டைரியைப் பார்த்தால் தெரியும். அவளுடைய கட்டில் நூற்றியோராவது அட்டை ஒன்று உண்டு என்று நான் சொல்வேன். அவளுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது, "சும்மா இருங்க தாத்தா" என்பாள்.

எட்டாயிரம் ரூபாய் டிராகன் வாங்கவில்லை. காலண்டர் தாள் டிராகன் மட்டும் கட்டில் இருக்கட்டும் என்று சின்னவன் வைத்துக்கொண்டான்.

ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள் கழித்துப் போன் செய்தான். அவர்கள் குடியிருப்பில் புதிதாக மூன்று பையன்கள் ஆடுகிறார்களாம், சனிக்கிழமை இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "தாத்தா, அவங்க கட்டு எதுவும் எனக்குத் தெரியாது. டிராகனை எடுத்துட்டுப் போகவா, அக்காகிட்ட அவ கட்டைக் கடன் வாங்கிட்டுப் போகவா?"

இந்த ஆட்டத்தில் கட்டுகளை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்துச் சொல்லும் முறையை 2025ல் கம்பெனி கொண்டுவந்திருக்கிறது. உட்காரும் முன்பே அதைக் கேட்டுவிடு என்றேன். அவர்கள் மூன்று என்றால் நீயும் மூன்றை எடு. டிராகனையே எடுத்துக்கொண்டு போ, ஆனால் முதல் ஆட்டத்தில் சுங்கச்சாவடியை முதலில் இறக்கு, டிராகனைக் கடைசியில் இறக்கு, யார் யாரைக் கோபமாக அடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இரு.

"ஜெயிக்க வேண்டாமா?"

"முதல் சனிக்கிழமைதானேடா" என்றேன். அதற்குள் பக்கத்தில் யாரோ கூப்பிட, "சரி தாத்தா, வச்சுடறேன்" என்று போனை வைத்துவிட்டான்.